மூணு மவுண்ட்டுக்கு பில், மாத்தினது ஒண்ணு

சிக்னலில் நின்றால் ஸ்டியரிங், சீட் எல்லாம் உதறும். ஏசி போட்டால் இன்னும் மோசம். சென்னை பாடி மேம்பாலம் ஏறும்போது டேஷ்போர்டில் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னியது. 2014 ஸ்விஃப்ட், பெட்ரோல். அம்பத்தூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம்.

பானட்டைத் திறந்து ரெண்டு தடவை ரேஸ் பண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். "எஞ்சின் மவுண்ட் போயிடுச்சு சார், மூணையும் மாத்தணும்." மவுண்ட் என்றால் எஞ்சினைத் தாங்கி, அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் தாங்கி. லைட் மின்னியதைச் சொன்னேன். "அது சும்மா சென்சார் தூசி சார்." பில் 11,400 ரூபாய். பழைய மவுண்ட்டைக் கேட்டால், குப்பையில் போட்டாச்சாம். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் வண்டிக் கடிகாரம் தப்பு நேரம் காட்டுகிறது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டித்தான் லைட்டை அணைத்திருக்கிறார்கள்!

உதறல் கொஞ்சம் குறைந்தது நிஜம். புது ரப்பர் பாதியை வாங்கிக்கொண்டது. நாலாம் நாள் லைட் மறுபடி மின்னியது.

கொரட்டூரில் ஒரு சின்ன ஷெட். அங்கே இருந்த அண்ணன் ஸ்பேனரையே எடுக்கவில்லை. முதலில் சைலன்சர் பக்கம் போய்க் காது கொடுத்தார். "மவுண்ட் போனா எஞ்சின் ஒரே சீரா ஓடும் தம்பி, ஆட்டம் மட்டும் உள்ள வரும். இது புடுபுடுன்னு விட்டு விட்டு வருது பாருங்க, மிஸ்ஸிங்." வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். பி0302 என்று ஒரு கோட் வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர். ரெண்டாவதில் சரியாக எரியவில்லை.

அதை மட்டும் வைத்து, பிளக்கில் பொறி வரவைக்கும் காயிலை மாற்றச் சொல்லிவிடவில்லை. இந்த வண்டியில் சிலிண்டருக்கு ஒரு காயில். ரெண்டாவதில் இருந்ததை மூணாவதுக்கும், மூணாவதை ரெண்டாவதுக்கும் மாற்றி மாட்டி, அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. நகராமல் இருந்திருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்ததாகப் பார்த்திருப்பாராம். புதுக் காயில், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்.

லைட் மின்னும்போது ஓட்டவே கூடாது என்று திட்டும் விழுந்தது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய், அங்கே சூடேறி அதையே கெடுத்துவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் என் 11,400 சில்லறைதான். (80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஆடினால் கதை வேறு. அது பெரும்பாலும் வீல் பேலன்சிங்.)

கிளம்பும்போது டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு மவுண்ட்தான் புதுசு. மற்ற ரெண்டிலும் வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு, போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

போட்டோ எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் போனேன். "பில்லுல தப்பா அடிச்சிட்டாங்க சார்" என்று ரெண்டு மவுண்ட் காசைத் திருப்பித் தந்தார்கள். கூலியைக் கேட்டதற்கு, முதலாளி ஊரில் இல்லை.