கார் ஷெட்டுக்கு ஸ்பிரிங் ஷட்டரா, செயினா, மோட்டாரா?

பத்தடி அகலம், எட்டடி உயரம். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் வீட்டோடு சேர்த்துக் கட்டும் கார் ஷெட் வாசல் பெரும்பாலும் இந்த அளவுதான். இதற்கு ஷட்டர் போட மூன்று வழி உண்டு. கையால் தூக்கும் ஸ்பிரிங் ஷட்டர், சங்கிலி இழுத்து ஏற்றும் கியர் ஷட்டர் (நம் பக்கம் செயின் ஷட்டர் என்போம்), மோட்டார் ஷட்டர். விலையும் இதே வரிசையில் ஏறும். சுருண்டு ஏறும் தகட்டுப் பட்டை மூன்றுக்கும் ஒன்றேதான், அதனால் உறுதியிலும் தோற்றத்திலும் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம்.

எங்கள் சாய்வு செயின் ஷட்டர் பக்கம். காலையில் ஷட்டர் ஏறாமல் மல்லுக்கட்டினால், பட்டறைக்காரர் வரும் வரை காத்திராமல் காரை வெளியே எடுக்க முடியுமா? அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்தச் சாய்வு.

எந்த ஷட்டராக இருந்தாலும், ஏறவில்லை என்றதும் மேலே ஹூட்டை (சுருளை மூடியிருக்கும் தகட்டுப் பெட்டியை) பார்க்காதீர்கள். முதலில் கீழே குனியுங்கள். இரண்டு பக்கமும் பூட்டு இருக்கும், ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்திருப்பது சர்வசாதாரணம். சாவி உள்ளே போகவில்லையா? குளவி துவாரத்தில் மண் பூசி அடைத்திருக்கும், மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தால் சரியாகிவிடும். சாவி சுற்றுகிறது, ஆனால் பூட்டு விடவில்லை என்றால், ஷட்டரைக் காலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். பூட்டின் தாழ்க்கம்பி துவாரத்தின் விளிம்பில் இறுகியிருப்பதுதான் காரணம்.

அடுத்து, பட்டை ஏறி இறங்கும் பக்கத்து கைடு சேனல். கார் பம்பர் லேசாக இடித்திருந்தால்கூட சேனலின் உதடு உள்பக்கம் மடங்கிப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். தட்டையான கட்டையை உள்ளே கொடுத்து வெளியிலிருந்து சுத்தியால் தட்டி நிமிர்த்தலாம். அடியில் வெங்கச்சங்கல் ஒன்று சிக்கியிருந்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கைடுக்குள் கிரீஸ் தடவும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன் அருகில் வீடு இருந்தால், கிரீஸில் பஞ்சு ஒட்டி ஆறே மாதத்தில் மெத்தை தைத்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, காய்ந்ததும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். கிரீஸ் பேரிங்குக்கும் கியர் பல்லுக்கும் மட்டும்.

ஆடிக்காற்றையும் கணக்கில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, மேற்குப் பார்த்த ஷட்டரை உள்பக்கம் தள்ளிக் கைடோடு அழுத்திவிடும். கோளாறே இல்லாத ஷட்டரும் அப்போது ஏறாது. உள்ளிருந்து ஒருவர் நடுவில் கையை வைத்து வெளிப்பக்கம் தள்ள, இன்னொருவர் ஏற்றினால் விட்டுக்கொடுக்கும்.

இதுவரை சொன்னதில் மூன்றுக்கும் பேதமில்லை. இனிமேல்தான் பிரிகிறது.

18 கேஜ் (தகட்டின் தடிமன் அளவு) பட்டையில் பத்துக்கு எட்டு ஷட்டர் ஏறக்குறைய 90 முதல் 100 கிலோ வரும். இதை ஒரு ஆள் ஒரு கையால் தூக்க முடிவது ஸ்பிரிங்குகள் அந்த எடையைத் தாங்குவதால்தான். ஷட்டர் மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும். அதனால் ஒடிவதும் பெரும்பாலும் மூடிய நிலையில்தான். இரவில் ஹூட்டுக்குள் 'படார்' என்று ஒரு சத்தம், காலையில் பார்த்தால் ஷட்டர் கல்லாகக் கனக்கும். ஸ்பிரிங் ஷட்டரில் அதற்கு மாற்று வழியே இல்லை. மூன்று பேர் சேர்ந்து ஷட்டரின் கீழ் ஓரத்து அடிப்பட்டியின் இரண்டு முனையிலும் நடுவிலும் பிடித்து, மட்டம் மாறாமல் தூக்கினால்தான் ஏறும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பட்டை கோணலாகிக் கைடில் இறுகும், அப்புறம் கடப்பாரைதான். தூக்கியதும் இரண்டு பக்கமும் இரும்புப் பைப்பை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும். முட்டில்லாமல் கீழே போகாதீர்கள்.

ஒடியும் முன்பே ஸ்பிரிங்கின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம். ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை மெல்ல விடுங்கள். அங்கேயே நின்றால் முறுக்கு சரி. கீழே வழிந்தால் முறுக்கு தளர்ந்துவிட்டது, தானாக மேலே ஓடினால் அதிகம். முறுக்கைக் கூட்டிக் குறைக்க ஷட்டர் சுற்றிக்கொள்ளும் ஷாஃப்ட் பைப்பை ரெஞ்சில் பிடித்து அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பிப் போல்ட் போடுவார்கள். அது பழகியவர் வேலை. பிடி நழுவினால் ரெஞ்ச் சுழன்று அடித்துக் கை எலும்பை உடைத்துவிடும்.

செயின் ஷட்டரிலும் ஸ்பிரிங் உண்டு. பலருக்கு இது தெரியாது, 'செயின்தான் இருக்கே, ஸ்பிரிங் எதுக்குங்க?' என்று கேட்டுக் காசை மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கும் கியரும் சேர்ந்திருப்பதுதான் இதன் பலமே. ஸ்பிரிங் ஒடிந்தால் சங்கிலி கனக்கும், கூடுதல் நேரம் இழுக்க வேண்டும், ஆனால் ஒரே ஆள் ஏற்றிவிடலாம். ஏற்றியதும் சங்கிலியைச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்டி, அடியில் முட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் எடை தாங்காமல் சரசரவென்று இறங்கும். அந்த நிலையிலேயே நாள் கணக்கில் ஓட்டினால் கியர் பல் தேய்ந்துவிடும். அதனால் காரை எடுத்த கையோடு ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள்.

மறுபக்கமும் அப்படித்தான். கியர் கெட்டால் ஸ்பிரிங் கைகொடுக்கும். சங்கிலி இழுக்கும்போது சக்கரம் சுற்றி ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால், கியரை ஷாஃப்ட்டோடு இணைக்கும் சாவிக்கட்டை வெட்டுப்பட்டிருக்கும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அப்போது கையால் தூக்கலாம். சங்கிலி சக்கரத்தை விட்டுக் குதிப்பது இன்னொரு தொல்லை. ஓரமாக நின்று சாய்வாக இழுப்பதுதான் காரணம், நேர் கீழாக இழுங்கள். கையில் பிடிக்கும் சங்கிலிக்கு எண்ணெய் வேண்டாம், சட்டையெல்லாம் கறையாகும். மேலே கியரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் சங்கிலி இருந்தால் அதற்கு மட்டும் சில சொட்டு. வருடத்துக்கு ஒருமுறை, ஆடிக்காற்று ஓய்ந்தபின், ஹூட்டைத் திறந்து பஞ்சையும் ஒட்டடையையும் கூட்டிவிட்டு, சுவரில் பிராக்கெட் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பிராக்கெட் தளர்ந்தால் சுருளே சாய்ந்துவிடும். ஷட்டர் ஒருபக்கமாக உரசுவதற்குப் பல நேரம் இதுதான் மூலம். ஹாலோ பிளாக் சுவரில் இது சீக்கிரமே வரும்.

ஒரு பெரிய குறை உண்டு, மறைக்க முடியாது. சங்கிலி ஷெட்டுக்கு உள்ளே தொங்கும். வீட்டிலிருந்து ஷெட்டுக்குள் போகக் கதவோ, பக்கத்தில் ஒற்றைக் கதவோ இல்லாவிட்டால் வெளியே நின்று திறக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட ஷெட்டுக்கு எங்கள் பரிந்துரை செல்லாது, ஸ்பிரிங் ஷட்டரே போடுங்கள். எட்டடிக்கும் குறைந்த அகலம் என்றாலும் ஸ்பிரிங் போதும். எடை குறைவு, ஒடிந்தாலும் இரண்டு பேர் சமாளிப்பார்கள். மாறாக, பரப்பு 100 சதுர அடியைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், செயின்தான்.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். வயதானவர்கள் தனியாகக் கார் எடுக்கும் வீட்டுக்கு அது வரம். ஆனால் ஏறாமல் நின்றால் பார்க்க வேண்டியது அதிகம். ரிமோட் பேட்டரி, சுவர் சுவிட்ச், பெட்டிக்குள் பல்லியோ எறும்போ புகுந்து சுட்டதா, இப்படி ஒன்றன்பின் ஒன்றாக. ரிமோட்டில் வேலை செய்யாமல் சுவர் சுவிட்சில் வேலை செய்தால் கோளாறு ரிமோட் பக்கம். 'ம்ம்ம்' என்று முனகிச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர், அல்லது கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கியிருக்கும். முனகும் மோட்டாரைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் காயில் கருகும். நான்கைந்து தடவை ஏற்றி இறக்கியபின் செத்ததுபோல் நின்றால் சூட்டில் தானாக அணைந்திருக்கும், இருபது நிமிடம் ஆறவிடுங்கள். பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தும் நாளில் கைச்சங்கிலி இல்லாத மோட்டார் ஷட்டர் வெறும் சுவர்தான். வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும் என்று நம்ப வேண்டாம். கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் பல மடங்கு, சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே டிரிப் ஆகிவிடும்.

மோட்டார்தான் வேண்டும் என்றால், பக்கவாட்டில் பொருத்திக் கைச்சங்கிலியோடு வருவதையே வாங்குங்கள். ஷாஃப்ட் பைப்புக்குள் ஒளிந்திருக்கும் குழாய் மோட்டார் பார்க்க நேர்த்தி. பத்து வருடம் தாண்டியும் பஞ்சுத் தூசியில் எப்படி ஓடும் என்பதில் எங்கள் அனுபவம் போதாது, அதனால் அதைத் தள்ளவும் இல்லை, பரிந்துரைக்கவும் இல்லை.

செயின் ஷட்டர் ஆர்டர் கொடுக்கும்போது பட்டறையில் சிலவற்றைக் கறாராகக் கேளுங்கள். இரண்டு முனையிலும் பால் பேரிங். கைடு சேனல் ஆழம் 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஆடிக்காற்றில் பட்டை வெளியே பிதுங்காமல் இருப்பது அதனால்தான். ஒவ்வொரு பட்டையின் முனையிலும் ஓரம் நகராமல் தடுப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை வழுக்கிக் கைடில் உரசும். அடிப்பட்டியில் ஸ்டாப்பர் இல்லாவிட்டால் வேகமாக ஏற்றிய அன்று அது ஹூட்டுக்குள் போய்ச் சிக்கும். ஹூட் தகட்டை ரிவிட் அடித்து மூட விடாதீர்கள், திருகாணி போடச் சொல்லுங்கள். ரிவிட் அடித்தால் உள்ளே என்ன ஆனது என்று பார்ப்பதற்கே தகட்டை வெட்ட வேண்டியிருக்கும்.