பழைய வழக்கில் தண்டனை இருந்தால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆக முடியுமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

வழக்கில் தண்டனை பெற்றவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகவே முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், ஐந்து வருடம் காத்திருந்தால் போதும் என்பார்கள். இரண்டுமே அரைகுறை. சட்டத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன: காத்திருப்பது, நன்னடத்தைச் சட்டம், சமரசம், மேல்முறையீடு. காத்திருப்பது நான்கிலும் மெதுவானது. மற்ற மூன்றும் வழக்கு முடிவதற்குள் பிடிக்க வேண்டியவை.

முதலில், தடை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டது. அதன் 42(3) பிரிவு கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், போலி ஆவணம் தயாரித்தல் ஆகிய நான்கு குற்றங்களையும், அவற்றுக்கு உடந்தையாக இருப்பதையும், அவற்றைச் செய்ய முயல்வதையும் தகுதியிழப்பாகச் சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 420, அதாவது ஏமாற்றுதல் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4)), இதில் வரும். அடிதடி வழக்கோ, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதோ, செக் பவுன்ஸ் வழக்கோ வராது. திருட்டுகூட இந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எஃப்ஐஆரும் குற்றப்பத்திரிகையும் மட்டும் இருந்தால் தகுதியிழப்பு இல்லை. நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆகவே தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, எந்தப் பிரிவில் தண்டனை என்று பார்ப்பதே முதல் வேலை. 420-ம் 506-ம் (மிரட்டல்) சேர்த்துப் போட்ட வழக்கில் 420-ல் விடுதலையாகி, மிரட்டலுக்கு மட்டும் தண்டனை பெற்றவருக்கு இந்தத் தடை கிடையாது.

காத்திருக்கும் வழி

தண்டனை முடிந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், அந்தத் தண்டனை இனித் தடையில்லை என்று இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ ‘சாதாரணமாக’ அறிவிக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. இங்கே இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஐந்து ஆண்டு ஆனதும் தடை தானாக நீங்கிவிடாது. அறிவிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது கணக்கு. ஆண்டுகளைத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணக்கூடாது, தண்டனை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 2016-ல் இரண்டு ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஜாமீனில் இருந்து, 2021 மார்ச்சில் மேல்முறையீடு தள்ளுபடியாகிச் சிறை சென்றவரை எடுத்துக்கொள்வோம். அவர் 2023 மார்ச்சில் தண்டனையை முடித்தால், 2028 மார்ச்சில்தான் கேட்க முடியும். அபராதம் பாக்கி இருந்தால் தண்டனை முடிந்தது என்று காட்டுவதே சிக்கல். தீர்ப்பு நகல், மேல்முறையீட்டு உத்தரவு, சிறையின் விடுவிப்புச் சான்று, அபராத ரசீது நான்கையும் வைத்து ஹைதராபாத்தில் உள்ள ஐஆர்டிஏஐ தலைமையகத்துக்கு மனு அனுப்ப வேண்டும்.

பாலிசி தொடர்பான நீதிமன்ற நடவடிக்கையில், கம்பெனிக்கோ பாலிசிதாரருக்கோ எதிராக மோசடி செய்ததாகக் கண்டறியப்பட்டால் அது தனித் தகுதியிழப்பு. ஐந்தாண்டுச் சலுகை அதற்குப் பொருந்தாது.

நன்னடத்தைச் சட்டம்

1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை வழக்கறிஞர்கள்கூடச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது எங்கள் வருத்தம். குற்றவாளி என்று முடிவு செய்த பிறகு, சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்து விடுவதற்கு 3-ஆம் பிரிவு. நன்னடத்தைப் பிணைப்பத்திரத்தில் விடுவதற்கு 4-ஆம் பிரிவு. பத்திரக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. இப்படி விடுவிக்கப்பட்டவர், வேறு சட்டங்கள் தண்டனையோடு சேர்த்து வைத்திருக்கும் தகுதியிழப்புக்கு ஆளாகமாட்டார் என்கிறது 12-ஆம் பிரிவு. ஐந்து ஆண்டு காத்திருக்கும் அவசியமே எழாது. கீழ் நீதிமன்றம் தராவிட்டால் மேல்முறையீட்டிலும் சீராய்விலும் கேட்கலாம். 11-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது.

எல்லா வழக்குக்கும் இது கிடைக்காது. ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு 4-ஆம் பிரிவு பொருந்தாது. அரசு ஊழியர், வங்கியர், ஏஜென்ட் செய்யும் நம்பிக்கை மோசடியும் (பழைய 409) மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாகத் தயாரிப்பதும் (467) அந்த வகை. 420-க்கு உச்சத் தண்டனை ஏழு ஆண்டு என்பதால் கேட்கலாம். பத்திர நிபந்தனையை மீறி, பழைய குற்றத்துக்கே பின்னால் தண்டனை விதிக்கப்பட்டால் பாதுகாப்பு போய்விடும். இன்னொன்று: 12-ஆம் பிரிவு தகுதியிழப்பைத்தான் நீக்குகிறது, குற்றவாளி என்ற முடிவை அழிப்பதில்லை. 1990-ல் பக்‌ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதனால் கம்பெனி தன் விருப்பப்படி மறுக்க இடம் உண்டு.

சமரசமும் மேல்முறையீடும்

பணத்தகராறில் முளைத்த 420, 406 (நம்பிக்கை மோசடி) வழக்குகளுக்குச் சமரசம்தான் மிகச் சுத்தமான முடிவு. நீதிமன்ற அனுமதியோடு பாதிக்கப்பட்டவர் இசைந்தால், அதற்கு விடுதலைக்குச் சமமான விளைவு. தண்டனைக்குப் பிறகும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை, அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு செய்யலாம். 409-ம் போலி ஆவணக் குற்றங்களும் இப்படி முடிக்கக்கூடியவை அல்ல. பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெற்றுத்தாளில் எழுதி வாங்கிக்கொள்வதால் பயனில்லை. அது நீதிமன்றப் பதிவில் ஏற வேண்டும்.

மேல்முறையீட்டில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ‘தண்டனையை நிறுத்திவைத்தாயிற்று’ என்று உத்தரவைக் காட்டுவார்கள். சிறைத் தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற முடிவை நிறுத்திவைப்பது வேறு. 1995-ல் ராமா நாரங் வழக்கில், ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் பதவி தொடர்பாக இதே கேள்விதான் எழுந்தது. இரண்டாவது நிவாரணத்தை, தகுதியிழப்பைக் குறிப்பிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும்; நீதிமன்றங்கள் அரிதாகவே தருகின்றன.

எது யாருக்கு?

வழக்கு இன்னும் நடக்கிறது, எதிர்த்தரப்பு பேச்சுக்கு வருகிறது என்றால் சமரசம். பேச்சுக்கு வரவில்லை, முதல் குற்றம், தொகை சிறிது என்றால் நன்னடத்தைச் சட்டம். எல்லாம் முடிந்துபோனவருக்குத்தான் ஐந்தாண்டு வழி. குற்றம் செய்தபோது 18 வயது நிரம்பாதவர் என்றால் இவை எதுவுமே தேவைப்படாமல் போகலாம்: 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தகுதியிழப்பை நீக்குகிறது. 16 வயதுக்கு மேற்பட்டு, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவருக்கு அது பொருந்தாது.

ஊரில் பலர் எடுக்கும் குறுக்குவழி, மனைவி பெயரில் ஏஜென்சி எடுத்துத் தான் வேலை பார்ப்பது. இதைச் செய்யாதீர்கள். நியமனம் இல்லாமல் ஏஜென்ட்டாகச் செயல்படுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். தகுதியில்லாதவரை நியமிக்கும் கம்பெனிக்கு ஒரு கோடி வரை. கிளை அலுவலகம் பழைய வழக்கு என்றதும் பின்வாங்குவது இந்த ஒரு கோடியால்தான்.

விண்ணப்ப வரிசையும் முக்கியம். இப்போது ஏஜென்ட்டை நியமிப்பது கம்பெனிதான். ‘லைசென்ஸ்’ என்பது பேச்சுவழக்கில் தங்கிப்போன சொல். தேர்வில் தேறிய சான்று முதல் நியமனத்துக்கு 12 மாதம்தான் செல்லும். முதலில் ஐசி-38 என்ற ஏஜென்ட் தேர்வை எழுதிவிட்டு அறிவிப்புக்காகக் காத்திருந்தால் சான்று காலாவதியாகி, மறுபடி எழுத வேண்டிவரும். அறிவிப்பு அல்லது நீதிமன்ற உத்தரவு கைக்கு வந்தபின் தேர்வுக்குப் போங்கள். விண்ணப்பப் படிவமான 1-ஏ-வில் எதையும் மறைக்காதீர்கள். உத்தரவின் நகலை இணைத்தே கொடுங்கள். மறுத்தால் காரணத்தை 21 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தோடு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். வாய்மொழியாகச் சொன்ன மறுப்பை வைத்து அங்கே எதுவும் செய்ய முடியாது. கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.