90டியா, ஆர்50வா? வீட்டுக் கமராவை மாற்றியபோது போட்ட கணக்கு

எங்கள் வீட்டுக் கெனன் 200டி இப்போது மகளின் கையில். அவள் மட்டக்களப்பு வாவிக்கரையில் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் பின்னால் திரிகிறாள். கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று சொந்தக்காரர் கூப்பிடும்போது தூக்கிக்கொண்டு போக எனக்கு வேறொன்று தேவைப்பட்டது. கடைசியில் மிஞ்சியவை இரண்டு: கெனனின் 2019இல் வந்த 90டி, பாவித்தது; 2023இல் வந்த ஆர்50, புதிது. நான் 90டி எடுத்தேன்.

படத்தின் தரத்தை வைத்து மண்டையை உடைக்கத் தேவையில்லை. 90டி 32.5 மெகாபிக்சல், ஆர்50 24.2. அல்பத்தில் போட்டால் ஆருக்கும் வித்தியாசம் தெரியாது. பாரத்தில் ஆர்50தான் வெல்லும்: அது 375 கிராம், 90டி 701. ஆனால் 90டியின் பற்றரி ஒரு சார்ஜில் ஏறக்குறைய 1300 படம் தரும் என்று கெனன் சொல்கிறது. தாலி கட்டும் நேரத்தில் பற்றரி மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

எனக்கு முடிவைத் தந்தது லென்ஸ். சரியாகச் சொன்னால், லென்ஸைப் பூஞ்சணத்திடமிருந்து காப்பாற்றும் வேலை.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. மாரி தொடங்கினால் அலுமாரிக்குள் இருக்கும் தோல் பையே பூத்துவிடும். அந்தப் பைக்குள் லென்ஸை வைத்தால் என்ன ஆகும்? பின்பக்கத்தால் டோர்ச் அடித்து முன்பக்கத்தால் பாருங்கள்: கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அதுதான் பூஞ்சணம். நாள்பட விட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. அதனால் எங்கள் லென்ஸ்கள் றப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல்லோடும் சின்ன ஈரப்பதமானியோடும் இருக்கின்றன. முள் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லைச் சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் காயவைக்கிறோம். மாரியில் இது அடிக்கடி வரும் வேலை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 18-55, 50, 55-250 மில்லிமீற்றர் என்று வீட்டில் இருக்கும் மூன்று லென்ஸும் 200டிக்கும் பொருந்தும், 90டிக்கும் பொருந்தும். சனிக்கிழமை மகள் 55-250ஐக் கொண்டுபோவாள், ஞாயிறு நான். பெட்டி ஒன்றுதான். ஆர்50இலும் அடப்டர் போட்டு இவற்றைப் பாவிக்கலாம், உண்மைதான். ஆனால் அதோடு யார் நிற்கிறார்கள்? பிறகு ஆர்50 வகைக் கமராக்களுக்கென்றே வரும் ஆர்எஃப் லென்ஸ் ஒன்று, அப்புறம் இன்னொன்று. அவை பழைய கமராவில் ஏறாது. ஆர்எஃப் லென்ஸ் சென்சரிலிருந்து 20 மில்லிமீற்றரில் உட்காரும்படி செய்தது, 200டியில் அந்தத் தூரம் 44. ஆக இரண்டு தொகுதி லென்ஸ், இரட்டிப்புக் காவல்.

விற்கும் விலையைப் பார்த்தால் 90டி தோற்கும், அதைப்போல லென்ஸுக்குப் பின்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த கமராக்களின் (ஆர்50இல் அது இல்லை) விலை இறங்கிக்கொண்டே போகிறது. எங்கள் வீட்டில் கமரா கைமாறுமே தவிரக் கடைக்குப் போகாது என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பாவித்ததை வாங்குபவர் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, கேட்டுப் பார்க்க வேண்டும். 90டியின் ஷட்டருக்குக் கெனன் சொல்லும் ஆயுள் 1,20,000 படம்.

ஆர்50ஐ மச்சானிடம் வாங்கி ஒரு பின்னேரம் மட்டும் பாவித்தேன், அதனால் வீடியோவைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். ஓடித்திரியும் பிள்ளையின் கண்ணை அது விடாமல் பிடித்தது என்னவோ உண்மை. 200டியின் பற்றரியே அதற்கும் போடலாம் என்பது இன்னொரு வசதி. கையில் பழைய லென்ஸ் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர் என்றால் ஆர்50ஐயே எடுக்கட்டும்.