கம்பெனி சர்வீஸா, ரோட்டோர மெக்கானிக் செட்டா, எஃப்.சி.க்கு புரோக்கரா: காரிமங்கலத்துக்காரன் கணக்கு

காரிமங்கலத்தில் குடியிருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. வண்டியில் புதுச் சத்தம் வந்தால் தெற்கே தர்மபுரிக்கும் போகலாம், வடக்கே கிருஷ்ணகிரிக்கும் போகலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், ரோடும் ஒன்றே, தேசிய நெடுஞ்சாலை 44. இரண்டு ஊரிலும் நான் ஏமாந்திருக்கிறேன். அதனால் எந்த ஊர்ப் பக்கமும் சாயாமல் எழுத முடியும்.

எங்கள் குடும்பத்தில் மூன்று வண்டிகள். என்னுடையது 2010ல் எடுத்த சின்ன பெட்ரோல் கார். தம்பியுடையது பி.எஸ். 6, அதாவது இப்போதைய புகை விதிப்படி வந்த வண்டி, இன்னும் புதுசு. மூன்றாவது என் மச்சினனின் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி, வயது பத்தைத் தாண்டிவிட்டது, ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிறது. இந்த மூன்றையும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் கம்பெனி சர்வீஸ். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் சாவியைத் திருகினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, அதனால் கோளாறு பேட்டரியில் இல்லை. கட்டி இழுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். கண்ணாடிச் சுவர், ஏசி, காபி மெஷின். கையில் டேப்லெட்டோடு வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். மதியம் போன் வந்தது.

“செல்ஃப் மோட்டார் போயிடுச்சு சார். அசெம்பிளியா மாத்தணும்.”

“உள்ளே எது போச்சு தம்பி?”

“நாங்க அதைப் பிரிக்க மாட்டோம் சார். அப்படியே மாத்திருவோம்.”

எஸ்டிமேட் வாட்ஸாப்பில் வந்தது. மோட்டாரும் கூலியும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தோடு எட்டாயிரத்தைத் தொட்டது. கீழே இன்னும் நாலு வரி: த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநாசினி, இன்ஜின் டிரெஸ்ஸிங், ஹெட்லைட் பாலிஷ். ஸ்டார்ட்டே ஆகாத வண்டிக்கு ஏசியில் வாசனை அடித்து யார் உட்காரப்போகிறார்கள்? வேண்டாம் என்று சொல்லி வண்டியைத் திரும்ப இழுத்து வந்தேன்.

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் மோட்டாரைப் பிரித்தார். உள்ளேயிருந்து கார்பன் பிரஷ்ஷை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிலேட்டில் எழுதித் தேய்ந்த பல்பத் துண்டு மாதிரி இருந்தது, சுண்டுவிரல் நகம் அளவு. பக்கத்தில் புதுசை வைத்துக் காட்டினார், அது மூன்று மடங்கு உயரம். பிரஷ் செட், ஒரு புஷ், கம்யூடேட்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கூலி, எல்லாம் சேர்த்து 650 ரூபாய். இன்றைக்கு வரை அதே மோட்டார்தான் ஓடுகிறது.

கம்பெனிக்காரர்கள் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே பிரித்துப் பார்ப்பவனுக்குச் சம்பளம் கிடையாது, மாற்றுபவனுக்குத்தான் சம்பளம். பிரித்து ரிப்பேர் செய்த மோட்டார் மறுபடி நின்றால் கேள்வி அவர்களிடம் வரும். புதுசு போட்டால் கேள்வி மோட்டார் செய்தவனிடம் போகும். அவர்களுடைய நியாயம் அவர்களுக்கு. ஆனால் அந்த நியாயத்துக்குப் பணம் கட்டுவது நான்.

இதைப் படித்துவிட்டு ‘ரோட்டோர செட்டே போதும்’ என்று கிளம்ப வேண்டாம். தம்பி வண்டியில் இன்ஜின் செக் லைட் எரிந்தது. என் பேச்சைக் கேட்டு மூன்று செட்டுகளில் காட்டினான். ஒருத்தர் பிளக் மாற்றினார், ஒருத்தர் காயில், இன்னொருத்தர் ஏதோ சென்சார். நாலாயிரத்துக்கு மேல் போனது, விளக்கு அணையவில்லை. கடைசியில் கம்பெனிக்குப் போனான். ஸ்கேனரை மாட்டினார்கள், எந்த வயரில் கோளாறு என்று அது சொன்னது, உறையை நீக்கிப் பார்த்தால் எலி கடித்திருக்கிறது. அரை மணி நேர வேலை. அந்த வாரம் முழுக்கத் தம்பி என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இதில் செட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கார் கம்பெனிகள் ஒரிஜினல் ஸ்பேரையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையமே சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்கு 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிறகு மேல்முறையீடு, கோர்ட்டு என்று இழுத்தார்கள். எங்கள் பக்கத்துச் செட்டுகளில் பெரும்பாலும் இன்றைக்கும் காதும் அனுபவமும்தான் ஸ்கேனர். கார்பரேட்டர் காலத்துக்கு அது போதும். பி.எஸ். 6 வண்டிக்குப் போதாது.

செட்டின் இன்னொரு நோய் ‘நாளைக்கு’. என் கார் கிளட்ச் பிளேட் வேலைக்குப் போனது ஒரு வைகாசி மாதம். இரண்டு நாள் என்றார். முகூர்த்தம், மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம், லேத்துக்குப் போன பையன் திரும்பவில்லை, கரண்ட் இல்லை என்று பதினோரு நாள் ஆனது. ஐந்தாவது நாள் போய்ப் பார்த்தேன். பானட் திறந்தபடி கிடக்கிறது, ஏர் ஃபில்டர் டப்பா மேல் ஒரு பூனை தூங்குகிறது. வண்டியை எடுத்து வந்த பிறகு மீட்டரைப் பார்த்தால் 84 கிலோமீட்டர் கூட ஓடியிருக்கிறது. கேட்டதற்கு, ‘டிரையல் பார்த்தோம் சார்’ என்றார்கள். பாலக்கோடு போய்த் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய்வந்தால்தான் அவ்வளவு வரும்.

பில்லும் கிடையாது, சிகரெட் அட்டையில் எழுதிய கணக்குதான். இது சின்ன விஷயம் இல்லை. கம்பெனி சர்வீஸில் அநியாயம் நடந்தால் ஜாப் கார்டும் பில்லும் கையில் இருக்கும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம்கூட இல்லை. சிகரெட் அட்டையைக் காட்டி வழக்கை நிரூபிப்பது பெரும்பாடு. இப்போதெல்லாம் செட்டில் ஜிபேயில்தான் பணம் அனுப்புகிறேன், குறிப்பில் ‘கிளட்ச் வேலை’ என்று எழுதியும் விடுகிறேன். உதிரி பாகத்தை நானே கடையில் பில்லோடு வாங்கிக் கொடுக்கிறேன். மெக்கானிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கும், கடைக் கமிஷன் போய்விட்டதே என்று. அதைக் கூலியில் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும், எனக்குச் சம்மதம்.

சரி, ஒப்பீட்டின் அடுத்த பாதிக்கு வருவோம். அரசாங்கச் சோதனைக்கு வண்டியைக் காட்டும் வேலை.

சின்னதிலிருந்து தொடங்கினால் புகைச் சான்று. என் கார் பி.எஸ். 3, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். தம்பியின் வண்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை. போனமுறை நான் போன இடத்தில் நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்தார்கள், பணம் வாங்கினார்கள், சீட்டு கொடுத்தார்கள். குழாய் சைலன்சருக்குள் போகவே இல்லை. ‘விட்டுப் பாருங்களேன்’ என்றேன். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சான்று இல்லாமல் மாட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை என்று சட்டம் சொல்கிறது. அவ்வளவு பயமுறுத்தும் சட்டத்துக்கு ஒரு போட்டோ போதுமாக இருக்கிறது.

15 வருஷம் முடிந்ததால் என் கார் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, சொந்தக் காருக்கும் ஊரில் இதை எஃப்.சி. என்றே சொல்வோம். 2022 ஏப்ரல் முதல் இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய், தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 கூடுதல், பசுமை வரி தனி. புரோக்கர் ஒருவர் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் பங்கு மட்டும் மூவாயிரத்துக்கு மேல். ‘நீங்க வரவே வேண்டாம், வண்டி வந்தா போதும்’ என்றார்.

நானே போனேன். பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம், பணம் கட்டுவது எல்லாம் ஒரு ராத்திரி வேலை, அதில் பாதி நேரம் ஓ.டி.பி.க்காகக் காத்திருந்தது. படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் அச்செடுத்துக்கொண்டேன். சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். பானட்டுக்குள் குனிந்து, துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதேதான். முதல் தாளில் ஒரு எண் மங்கல் என்று திருப்பினார்கள். இரண்டாவது சரியாக வந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்தது ஏழெட்டு நிமிஷம் இருக்கும். நம்பர் சரிபார்த்தார், லைட், இன்டிகேட்டர், வைப்பர், ஹாரன் எல்லாம் போடச் சொன்னார், டயரைப் பார்த்தார். முடிந்தது. மொத்தத்தில் எனக்கு இரண்டு அரை நாள் போனது, மூவாயிரம் மிச்சம். லீவு போட முடிந்தவருக்கு நேரில் போவதே லாபம். தினக்கூலிக்காரர் புரோக்கரைப் பிடித்தால் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அவருக்கு அந்த இரண்டு அரை நாளின் விலை வேறு. இன்னொன்று, 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள். அடுத்த சுற்றில் என் கார் அந்த வரிசையில்தான் நிற்கும், அதுவரை இருந்தால்.

இனி குட்டி யானை. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம். தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய். அதனால் ஒவ்வொரு வருஷமும் மச்சினன் வீட்டில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி ஒரு பரபரப்பு. டிங்கர் ஒரு நாள், பெயிண்டர் இரண்டு நாள். பின்னாலும் பக்கவாட்டிலும் ஒளிரும் ஸ்டிக்கர், மட்கார்டு, கதவில் எடை விவரமும் எஃப்.சி. தேதியும் புதிதாக எழுதுவது. ஒரு வருஷம் டயர் மொட்டையாக இருந்தது. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் விதிப்படி ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இரண்டு நல்ல டயர்களைக் கழற்றி மாட்டினான், காட்டினான், சாயங்காலமே திருப்பிக் கொடுத்தான். எஃப்.சி. பாஸ்.

அதற்கு ஒரு மாதம் கழித்து சேலத்துக்கு லோடு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்கு முன்னால், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. நல்ல வேளையாக நியூட்ரலில் விடவில்லை. டீசல் மிச்சம் என்று பலர் அங்கே நியூட்ரலில் விடுவார்கள். இரண்டாவது கியருக்கு இறக்கி, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்க ஓரத்தில் உரசி நிறுத்தினான். பின் சக்கர வீல் சிலிண்டர் கசிந்து, லைனிங் முழுக்க பிரேக் ஆயில் ஊறியிருந்தது. ஆயிலும் காபி டிகாக்‌ஷன் நிறத்தில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியே எல்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அமுங்கும், சக்கரம் நிற்காது.

சமதளத்தில், ஆறின பிரேக்கோடு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினால் இதெல்லாம் எப்படித் தெரியும்? புதுப் பெயிண்ட் தெரியும். தானியங்கிச் சோதனை நிலையங்களில் சக்கரத்தை உருளை மேல் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக அளப்பார்கள். ஒரு பக்கம் கசிந்தால் இடது வலது வித்தியாசத்தில் மாட்டிக்கொள்ளும். கட்டணம் ஏறும், தனியார் கைக்குப் போய்விடும் என்று லாரிக்காரர்கள் அதை எதிர்க்கிறார்கள், அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஏழெட்டு நிமிஷப் பார்வைக்கும் உருளைக்கும் நடுவில் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உருளை என்பேன்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். தம்பி வண்டி வாரண்டி முடியும் வரை கம்பெனியில், எஸ்டிமேட்டில் கீழே உள்ள வரிகளை அடித்துவிட்டு. என் கார் செட்டில், உதிரி பாகம் நான் வாங்கி, பழையதைக் கையில் கேட்டு வாங்கிக்கொண்டு. கழற்றியதைக் காட்டத் தயங்கும் இடத்துக்கு, அது கண்ணாடிச் சுவராக இருந்தாலும் தகரக் கூரையாக இருந்தாலும், இரண்டாவது முறை போவதில்லை. எஃப்.சி.க்கு நேரில்.

குட்டி யானைக்கு இந்த வருஷத் தேதி அடுத்த வாரம். நாலு சக்கரத்தையும் கழற்றிப் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் பெயிண்ட் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். பெயிண்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார், மெக்கானிக் சக்கரத்தடியில் படுத்திருந்தார். பிரேக் வேலைக்கு 2,800, டிங்கர் பெயிண்ட் ஸ்டிக்கர் எல்லாம் 6,000 என்று கணக்கு வந்தது. மச்சினன் பையிலிருந்து பணத்தை எடுத்து முதலில் பெயிண்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தான்.

“தேதி இருக்கே மாமா” என்றான்.