ஆப்பிலிருந்து சர்வருக்கு அடுக்குத் தரவு: ஃபார்மா, ஜேசானா, புரோட்டோபஃபா?

ஒரு ஆர்டர், அதற்குள் பொருட்கள், ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அளவு, நிறம், குறிப்பு. போனுக்குள் இருக்கும்வரை தொல்லையில்லை, சர்வருக்கு அனுப்பும்போதுதான் எதில் கட்டி அனுப்புவது என்ற தலைவலி. புது வேலை என்றால் நான் யோசிக்காமல் ஜேசான்தான் (JSON, தரவைப் பெயரும் மதிப்புமாக அடுக்கி எழுதும் உரை வடிவம்) என்பேன். ஏன் என்று புரிய, பழைய ஃபார்ம் என்கோடிங்கோடு (இணையப் படிவங்கள் பெயர்=மதிப்பு என்று அனுப்பும் முறை) கொஞ்ச நாள் மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

ஃபார்ம் வழியில் பொருள்[0][அளவு]=2&பொருள்[0][நிறம்]=நீலம் என்று சதுர அடைப்புக்குறி போட்டு நீட்டிக்கொண்டே போகலாம். பிஎச்பி (PHP, சர்வரில் ஓடும் நிரல்மொழி) இதைத் தானே அரேயாக, அதாவது பட்டியலாகப் பிரித்துக் கொடுத்துவிடும், அதனால் முதலில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் போவதெல்லாம் வெறும் எழுத்து. ஃபால்ஸ் (false, பொய்) என்று அனுப்பினால் அந்த ஐந்தெழுத்துச் சொல்தான் போய்ச் சேரும், பிஎச்பி அதை இஃப் நிபந்தனையில் வைத்துப் பார்த்தால் ட்ரூ (உண்மை) என்றே எடுத்துக்கொள்ளும். காலிப் பட்டியலை அனுப்பவும் வழியில்லை: பயனர் எல்லாப் பொருளையும் நீக்கிவிட்டாரா, இல்லை பட்டியலைத் தொடவே இல்லையா, சர்வருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்குச் சூடு போட்டது வேறொன்று. 60 வரிசை, வரிசைக்கு 18 புலம் என்று ஒரு கணக்கெடுப்புப் படிவம். மொத்தம் 1080. பிஎச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் (max_input_vars, ஒரு தடவையில் ஏற்கும் புலங்களின் எண்ணிக்கை) என்ற வரம்பு, நாம் மாற்றாதவரை 1000. 55 வரிசை முழுசாக வந்தது, 56-ஆவதில் 10 புலம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஆப்புக்கு 200 ஓகே, அதாவது எல்லாம் சரி என்றே பதில் போனது, எச்சரிக்கை மட்டும் யாரும் திறக்காத லாகில் கிடந்தது.

ஜேசானில் இந்தக் கூத்து இல்லை. எண் எண்ணாகவே போகும், நல் (null, மதிப்பே இல்லை) வேறு, காலி அரே வேறு. பிஎச்பி சர்வர் என்றால் போஸ்ட் அரே ($_POST, ஃபார்ம் தரவு வந்து விழும் இடம்) காலியாக இருக்கிறதே என்று முதல் நாள் எல்லோரும் முழிப்பார்கள். பாடியை, அதாவது வந்த செய்தியின் உள்ளடக்கத்தை நேராகப் படித்து டிகோட் செய்தால் சரி. பெரிய ஐடிகளில் மட்டும் கவனம் வேண்டும். மறுபக்கம் ஜாவாஸ்கிரிப்ட் என்றால் 9007199254740992-ஐத் தாண்டியதும் கடைசி இலக்கம் நம்பத்தக்கதல்ல, ஐடியை ஸ்ட்ரிங்காகவே அனுப்பிவிடுங்கள். படத்தை பேஸ்64 (பைட்டுகளை எழுத்தாக மாற்றும் முறை) ஆக்கி ஜேசானுக்குள் திணிக்கிறவர்களும் உண்டு. மூன்று பைட் நான்காகும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை, அதுவும் மொபைல் டேட்டாவில். அதற்கு மல்டிபார்ட் இருக்கிறது: ஒரு பகுதியில் ஜேசான், இன்னொன்றில் படம்.

புரோட்டோபஃப் (கூகுளின் பைனரி தரவு வடிவம்) சிறியது, வேகமானது, புலத்தின் பெயருக்குப் பதில் எண்தான் போகும். ஆனால் ஏதாவது உடைந்தால் லாகைத் திறந்து கண்ணால் படிக்க முடியாது. நிமிடத்துக்குப் பலமுறை அனுப்பும் ஆப், இரண்டு முனையும் நம் கையில் என்றால் தாராளமாகப் போகலாம். ஒன்று மட்டும், நீக்கிய புலத்தின் எண்ணை இன்னொரு புலத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். அப்டேட் செய்யாத போன்கள் எப்போதும் இருக்கும், அவை பழைய அர்த்தத்திலேயே அந்த எண்ணை அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்கீமாவில் (புலங்களை வரையறுக்கும் கோப்பில்) அதை ரிசர்வ்டு என்று குறித்து வைத்தால் கம்பைலரே தடுத்துவிடும்.