தண்ணீரில் கரைத்த 'ரெடிமேட்' பிஎம்எஸ்எஃப் வாங்காதீர்கள்

புரோட்டீன் வேலை செய்யும் ஸ்காலர்களுக்கும், லேபுக்குக் கெமிக்கல் வாங்கிப்போடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. செல்லிலிருந்து எடுக்கும் புரதம் சிதையாமல் இருக்கச் சேர்க்கும் கெமிக்கல்தான் பிஎம்எஸ்எஃப். 'ரெடி டு யூஸ் பிஎம்எஸ்எஃப், 100 மில்லிமோலார்' என்று லேபிள் ஒட்டிய புட்டியை எந்த டீலராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் உஷாராக இருங்கள்.

நாங்கள் கேட்டது பவுடர். இண்டெண்டிலும் (கொள்முதல் கோரிக்கைப் படிவம்) அப்படித்தான் இருந்தது. கொட்டேஷனில் குறைந்த விலை போட்டவருக்கு ஆர்டர் போயிற்று. வந்து இறங்கியது கரைசல். ஸ்டோர்ஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகுதான் புட்டி எங்கள் கைக்கே வந்தது. போன் போட்டால், "பவுடர் ஸ்டாக் இல்ல மேடம். இது இன்னும் வசதி, எடை போட்டுக் கரைக்கிற வேலையே இல்ல" என்கிறார் டீலரின் ஆள்.

செல்லை உடைத்ததும் உள்ளே இருக்கும் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) நமக்கு வேண்டிய புரதத்தையே தின்னத் தொடங்கிவிடும். அதில் டிரிப்சின், கைமோடிரிப்சின் வகையைச் சேர்ந்த செரின் புரோட்டியேஸ்களின் வினைமையத்தில் உள்ள செரினோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குவது பிஎம்எஸ்எஃப். தண்ணீர்தான் அதற்கு எமன். 25 டிகிரியில் பிஎச் 7-இல் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 110 நிமிடம், 7.5-இல் 55, பிஎச் 8-இல் வெறும் 35. அதனால்தான் ஈரமில்லாத ஐசோபுரோப்பனாலில் மில்லிலிட்டருக்கு 17.4 மில்லிகிராம் கரைத்து, மைனஸ் 20-இல் வைத்து, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் கடைசி நிமிடத்தில் சேர்க்கிறோம்.

நாங்கள் நச்சரித்து வாங்கிய டேட்டா ஷீட்டில் கரைப்பான் என்ன தெரியுமா? தண்ணீரில் செய்த டிரிஸ் பஃபர், பிஎச் 8! அதில் போட்ட அன்றைக்கே கதை முடிந்திருக்கும். போதாக்குறைக்கு, 100 மில்லிமோலார் அளவுக்குத் தண்ணீரில் அது கரையவே கரையாது. ஆனால் புட்டி கண்ணாடி மாதிரித் தெளிவு. சிதைந்தபின் மிஞ்சும் சல்ஃபோனிக் அமிலம் நன்றாகக் கரையும் என்பதால் அப்படி இருக்கலாம். அதில் பிஎம்எஸ்எஃப் என்றைக்காவது இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

டேட்டா ஷீட் வருவதற்குள் எலிச் சிறுநீரக லைசேட் (செல்களை உடைத்து எடுத்த சாறு) போய்விட்டது. ஏகேடி புரதத்துக்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் சோதனை) ஓட்டினால் 60 கிலோடால்டன் பக்கம் வரவேண்டிய பட்டை மங்கலாகவும், அதற்குக் கீழே இழுவிய கறையும் துண்டுப் பட்டைகளும். ஆன்டிபாடி சரியில்லையோ என்று முதலில் அதைப் போட்டு ஆராய்ந்தோம். விலங்கு நெறிக்குழுவிடம் மறுபடி அனுமதிக்கு நிற்பது எவ்வளவு சிரமம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

புட்டியை மாட்டிவிட்டது கொழுப்பு நீக்கிய பால்பவுடர். டிரிப்சின் வேலை செய்தால் பால் புரதம் வெட்டுப்பட்டுப் பால் தெளிந்துவிடும், முடங்கினால் வெள்ளையாகவே நிற்கும். நான்கு குழாயில் ஒரே அளவு டிரிப்சின். ஒன்றில் வேறு எதுவும் இல்லை, ஒன்றில் வெறும் ஐசோபுரோப்பனால், ஒன்றில் பக்கத்து லேபில் அன்று கரைத்த பிஎம்எஸ்எஃப், கடைசியில் இந்தப் புட்டிச் சரக்கு. அரை மணி நேரம் விட்டு, கலக்கிய பாலை ஊற்றினோம். பக்கத்து லேப் குழாயில் மட்டும் பால் வெள்ளையாகவே நின்றது. மற்ற மூன்றும் தெளிந்து, பின்னால் பிடித்த பேப்பரின் எழுத்து தெரிந்தது. இன்னொன்றும் கவனித்தோம்: நல்ல ஸ்டாக்கை ஒரு சொட்டு குளிர்ந்த பஃபரில் விட்டால் வெள்ளையாகத் திரியும், கலக்கினால்தான் கரையும். இந்தப் புட்டிச் சரக்கோ சத்தமே இல்லாமல் கலந்துபோனது.

படங்களோடு மெயில் அனுப்பினோம். "வேற எந்த லேப்லயும் கம்ப்ளெயின்ட் இல்லையே மேடம், உங்க ஃப்ரீசரைப் பாருங்க" என்று பதில். பகுப்பாய்வுச் சான்றிதழ் கேட்டதற்கு வந்த பிடிஎஃப்பில் லாட் எண் புட்டியில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. பணம் திரும்ப வரவில்லை. அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறார்களாம். அடுத்த பில் என்று ஒன்று இருந்தால்தானே!

இனி இண்டெண்டில் 'பவுடர் மட்டும், மூல உற்பத்தியாளரின் சீல் உடையாமல், லாட் வாரியான சான்றிதழோடு' என்று எழுதிவிடுங்கள். தண்ணீரில் கரைவதுதான் வேண்டுமென்றால் இதே வேலையைச் செய்யும் ஏஇபிஎஸ்எஃப் இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் தண்ணீரில் இதைவிட நன்றாகத் தாங்கும், நச்சும் குறைவு. இன்னொரு புரோட்டியேஸ் தடுப்பானான அப்ரோட்டினின் வாங்கினால் மில்லிகிராமுக்கு எத்தனை கேஐயு (அதன் தடுக்கும் திறனை அளக்கும் அலகு) என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். அதே டீலர் எங்களுக்குக் காட்டிய சாம்பிளில் அந்த இடமே காலி.

ஏற்கெனவே இப்படி ஒரு புட்டி உங்கள் ஃப்ரீசரில் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். லேபிளையும் இன்வாய்ஸையும் போட்டோ எடுத்து, பால் சோதனையைச் செய்து, முடிவோடு பர்ச்சேஸ் கமிட்டிக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழிப் புகாரை எங்கள் ஆபீஸில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஃபைலில் ஏறிய பிறகுதான் அந்த டீலரின் அடுத்த ஆர்டரை நிறுத்திவைத்தார்கள்.