டிடி காயில்: ரிப்பேர் முடிச்ச சூட்டோட ஒரு அனுபவப் பகிர்வு

என்னோட மெட்டல் டிடெக்டரோட டிடி காயில் (D வடிவத்துல ரெண்டு கம்பிச்சுருள், சிக்னல் அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணு) மறுபடி வேலை செய்யுது. இதச் சொல்லும்போது சந்தோஷம் வரணும், வரல. காயில மூடி ஊத்தின ரெசின்ல விழுந்த ஒரு சின்ன விரிசல் வழியா ஈரம் உள்ள போய், நனஞ்ச புல்லு மேல ஆட்டினாலே டிடெக்டர் கத்த ஆரம்பிச்சது, காயில ஒடச்சு எடுத்து, புதுசா சுத்தி, ஊத்தி, காயவெச்சு முடிக்கிறதுக்குள்ள பாதி உசுரு போயிடுச்சு. அந்த நேரம் பாத்து நண்பர் ஒருத்தர் "மோனோ காயில் போரடிச்சுடுச்சு, டிடி சுத்தலாமா?"ன்னு கேக்குறார். மோனோன்னா அனுப்புறது, வாங்குறது ரெண்டையும் ஒரே சுருள் பாத்துக்கும். அவருக்குச் சொன்னதையே இங்கயும் எழுதுறேன்.

மொதல்ல நியாயமா பேசிடறேன். கண்டுபிடிக்கிற விஷயத்துல டிடி மேல ஒரு கொறையும் இல்ல. ரெண்டு டி வடிவமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற நடுப்பட்டைதான் தேடுற இடம், அது முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் நீளமா போகுது, அதனால ஒவ்வொரு வீச்சுலயும் நல்ல அகலத்துக்கு மண்ணு கவராகுது. கான்சென்ட்ரிக்ல (ஒரு வட்டச் சுருளுக்குள்ள இன்னொரு வட்டச் சுருள்) ஆழம் போகப்போக பார்வை கூம்பு மாதிரி சுருங்கும், வீச்ச நெருக்கி நெருக்கிப் போடணும். இரும்புச்சத்து அதிகமான மண்ணுல டிடி கொஞ்சம் அமைதியா இருக்கும், ஏன்னா ஒரு நேரத்துல அது பாக்குற மண்ணே கம்மி. துருப்புடிச்ச ஆணிக்குப் பக்கத்துல கெடக்குற காச பிரிச்சுச் சொல்றதுல இதுகிட்ட மத்தது நிக்காது. இதெல்லாம் உண்மை, ரிப்பேருக்கு அப்புறமும் உண்மைதான்.

ஆனா பேலன்ஸ்! அனுப்புற டிரான்ஸ்மிட் காயில்ல பத்து இருவது வோல்ட் ஆடிட்டிருக்கும்போது வாங்குற ரிசீவ் காயில்ல வெறும் சில மில்லிவோல்ட்தான் தெரியணும். காயிலுக்கு உள்ள ஃபீல்டு ஒரு பக்கம் போகும், வெளிய எதிர்ப்பக்கம் திரும்பும், ஓவர்லேப் சரியா இருந்தா ரெண்டும் கழிஞ்சுபோயிடும். படிக்க அழகா இருக்கு. கையில எடுத்துப் பாத்தா அரை மில்லிமீட்டர் நகந்தாலே ஸ்கோப்புல (அலைய வரைஞ்சு காட்டுற ஆஸிலோஸ்கோப்) அலை எகிறுது. மேஜையில ஆணி இருக்கா, கையில வாட்ச் இருக்கா, தரைக்குள்ள கம்பி ஓடுதா எல்லாம் பாக்கணும், கான்கிரீட் தரைமேல வெச்சு பேலன்ஸ் பண்ணிட்டு வெளிய எடுத்துட்டுப் போனா அது வேற காயில். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல தூக்கி வெச்சுத்தான் பண்ணணும்.

சரி, பொறுமையா பேலன்ஸ் பண்ணியாச்சு, இனி ரெசின். ரெசின் இறுகும்போது சூடாகும், கூடவே சுருங்கும், ஒரேயடியா கனமா ஊத்தினா தொடமுடியாத சூடு வரும். ராத்திரி அழகா இருந்த பேலன்ஸ் காலைல போயே போச்சு, ஆனா காயில் கல்லா இறுகிடுச்சு, இனி நகத்தவும் முடியாது. இதனாலதான் எல்லாரும் டிரான்ஸ்மிட் காயிலோட கடைசி சுத்துல ஒரு சின்ன லூப்ப வெளிய விட்டுட்டு மத்தத மட்டும் மெல்லிசா லேயர் லேயரா ஊத்துறது, எல்லாம் இறுகின அப்புறம் அந்த லூப்ப இப்படி அப்படி வளச்சு மிச்ச வோல்டேஜ கொறச்சுட்டு அதையும் சீல் பண்றது. இந்த ட்ரிக் இல்லாம டிடி செய்றது சூதாட்டம்.

இதுல இன்னொண்ணு சொல்லணும், பூஜ்யத்தத் தொரத்தாதீங்க. ரொம்ப கொறச்சுட்டா மிச்சம் இருக்குற சிக்னலோட ஃபேஸ் (அனுப்புற அலைக்கு அது எவ்வளவு முன்ன பின்ன வருதுங்கறது) ஒரு எடத்துல நிக்காது, கொஞ்சம் சூடு ஏறினாலே அப்படியே திரும்பிக்கும். அளவா கொஞ்சம் மிச்சம் வெச்சு, அதோட ஃபேஸ் எந்தப்பக்கம் இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது எவ்வளவோ தேவலாம்.

அப்புறம் வெயில். வெளிய இருந்து வர்ற மின் இரைச்சலத் தடுக்குற ஷீல்டுக்குப் பூசுற கிராஃபைட் பெயின்ட் கருப்பு, அத அப்படியே வெயில்ல காட்டினா உள்ள எல்லாம் விரியும், காலைல சமத்தா இருந்த டிடெக்டர் மத்தியானம் முணுமுணுக்கும். மேல வெள்ளை பெயின்ட் அடிச்சா நல்லாவே கொறையுது, முழுசா போகல. ஷீல்டுல ஒரு எடத்துல வெட்டு விடணும், விடலன்னா அதுவே ஷார்ட்டான ஒரு சுத்தாயிடும்.

இந்தத் தொட்டாச்சிணுங்கித்தனம் இன்னைக்கு வந்ததும் இல்ல. 1881ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு உடம்புல இருந்த குண்டத் தேட கிரகாம் பெல் கொண்டுபோனது, காயில்கள இப்படி பேலன்ஸ் பண்ணி உலோகம் தேடுற இதே இண்டக்ஷன் பேலன்ஸ்தான், குண்டு கெடைக்கல, படுக்கையில இருந்த எஃகு ஸ்பிரிங் அத கொழப்பிடுச்சுன்னு ஒரு காரணம் சொல்றாங்க. பெல்லுக்கே அந்த கதின்னா நாம எம்மாத்திரம்.

மோனோ பல்ஸ் காயில்ல (துடிப்பு துடிப்பா மின்சாரம் அனுப்பி, நிறுத்தினதும் திரும்ப வர்றத கேக்குறது) இந்த நாடகமே கெடயாது. இண்டக்டன்ஸ் 300 மைக்ரோஹென்றி பக்கம் வர்ற மாதிரி சுத்து, துடிப்பு நின்னதும் காயிலோட ஆட்டத்த அடக்குற டாம்பிங் ரெசிஸ்டர் சரியா போடு, வேல முடிஞ்சது. கவலை கெப்பாசிட்டன்ஸ் (சுத்துகளுக்கு நடுவுல மின்சாரம் தேங்குறது) பத்தி மட்டும்தான், அதுக்கும் கம்பிய ஸ்பைடர் வலை மாதிரி பின்னினா சுத்துக்கு நடுவுல கொறையும், துடிப்பு நின்ன சீக்கிரத்துலயே சிக்னல அளந்து சின்ன தங்கத்தையும் புடிக்கலாம். ஆனா கேபிள் பாத்து வாங்கணும், சாதாரண கோஆக்ஸ் ஒரு மீட்டருக்கே 100 பிகோஃபாரட் பக்கத்துல கெப்பாசிட்டன்ஸ் சேத்துடும், கஷ்டப்பட்டு பின்னினதுல பாதி அங்கயே போயிடும். பெருசா சுத்தினா ரெண்டு மடங்கு ஆழம் போகுமான்னும் நண்பர் கேட்டார். சின்ன பொருளோட சிக்னல் தூரத்தோட ஆறாம் படியில விழுது, ரெண்டு மடங்கு தூரத்துக்கு 64 மடங்கு வேணும், அதனால ஆசைப்படாதீங்க, பெரிய காயில்ல சின்னக் காசு தெரியாமலே போயிடும்.

ஆணியையும் காசையும் பிரிக்கிறது மட்டும் மோனோவுக்கு சரியா வராது, எல்லாத்துக்கும் தோண்டணும். தோண்டுறேன், பரவால்ல, மண்வெட்டிக்கு பேலன்ஸ் தேவையில்ல.

மார்க் கேட்டா டிடிக்கு பத்துக்கு ஒம்போது, செய்யலாமான்னு கேட்டா வேணாம். செஞ்சே தீருவேன்னா, கடைசி லூப்ப சீல் பண்றதுக்கு முன்னாடி ஒரு பகல் முழுக்க வெயில்ல போட்டு, திரும்ப ஸ்கோப்புல பாத்துட்டு அப்புறமா மூடுங்க.